பேரன் இறங்கியதால் வண்டி விழவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் முழுவதும் படியுங்கள். உறவுகள் மட்டும் நேரம் இல்லாவிட்டாலும் படித்துவிடுங்கள், ஏனென்றால் இது முக்கியமாக உங்களுக்காகத்தான்.

போன மாதம் கல்யாண வீட்டில் என் இடது கை மோதிர விரலில் இருந்த கட்டைப் பார்த்து எல்லோரும் விசாரித்தீர்கள். நான் பதில் சொல்லும் முன்பே பக்கத்தில் இருந்த யாராவது, "பேரன் வண்டியில இருந்து குதிச்சுட்டானாமா, வண்டி சாஞ்சு கை மாட்டிக்கிச்சாமா" என்று சொல்லிவிட்டார்கள். பந்திக்குப் போகும்போது ஒரு பெரியம்மா அவன் காதைத் திருகி, "அப்புச்சி கையை ஒடிச்சவன் நீதானாடா" என்று சிரித்தார்கள். விளையாட்டாகத்தான் சொன்னார்கள். ஆனால் பையன் அன்றைக்கு இலையில் வைத்த ஜாங்கிரியைத் தொடவில்லை. அவனுக்கு எட்டு வயது. அவன் ஜாங்கிரியை விடுகிறவன் அல்ல.

நடந்தது என்ன என்று நானே எழுதிவிடுகிறேன்.

என் ஸ்பிளெண்டரைத் தெரியாத மாணவர்கள் இருக்க மாட்டார்கள். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நிற்கும். அது வந்து நின்றால் முதல் மணி அடிக்கப் போகிறது என்று அர்த்தம். ரிட்டயர் ஆன பிறகு அதை வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் சின்னச் சின்ன வேலை பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. ஆயில் மாற்றுவேன், செயின் டைட் வைப்பேன், பிளக் சுத்தம் செய்வேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முன் பிரேக் ஷூ மாற்றலாம் என்று இறங்கினேன். பிரேக் பிடித்தால் இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம் வந்தது. ஷூ தேய்ந்துவிட்டது என்று புரிந்தது. புது ஷூ ஒரு ஜோடி வாங்கி வைத்திருந்தேன்.

பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் தொல்லை இல்லை. சென்டர் ஸ்டாண்ட் போட்டால் அதுவே அந்தரத்தில் நிற்கும். முன் சக்கரம் அப்படி இல்லை. சென்டர் ஸ்டாண்ட் போட்டாலும் அது தரையில்தான் நிற்கும். வண்டியின் மூன்றாவது கால் அதுதான். அதைக் கழற்றுகிறோம் என்றால், நாற்காலியின் ஒரு காலைக் கழற்றிவிட்டு நாற்காலி நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற மாதிரி.

இங்கேதான் முப்பத்து மூன்று வருடம் இயற்பியல் நடத்திய என் மூளை வேலை செய்தது. பின்னால் பாரம் வைத்தால் முன்னால் தூக்கும். திருப்புத்திறன். சீசா பலகை. எத்தனை வருடம் கரும்பலகையில் முக்கோணம் போட்டு, மேலே பலகை போட்டு, இரண்டு பக்கமும் குட்டிப் பையன்களை வரைந்திருக்கிறேன்!

நிஜப் பையனே வீட்டில் இருந்தான்.

வெறும் உத்தேசமாகவும் செய்யவில்லை. அதுதான் இன்னும் வெட்கம். என் மனைவி எடை பார்க்கிற மெஷினைக் கொண்டுவந்து முன் சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். 14 கிலோ காட்டியது. ஸ்டாண்டின் கால் தரையைத் தொடுகிற இடத்திலிருந்து முன் ஆக்சில் வரை டேப் வைத்து அளந்தேன், 78 செ.மீ. பெருக்கினால் 1092. பேரன் எடை 24 கிலோ. பின்னால் கேரியரில் அவன் உட்காரும் இடம் ஸ்டாண்டிலிருந்து 50 செ.மீ. பெருக்கினால் 1200. பின்பக்கம் ஜெயிக்கிறது. "ஏறி உக்காருடா சாமி, நீதான் இன்னைக்குப் பாரம்" என்றேன். அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. ஏறி உட்கார்ந்ததும் முன் சக்கரம் மெதுவாக மேலே எழும்பியது. கை தட்டினான். நானும் சிரித்தேன்.

1200-க்கும் 1092-க்கும் என்ன வித்தியாசம் என்று அப்போது யோசிக்கவில்லை. பையன் அசைந்து வெறும் 5 செ.மீ. முன்னால் நகர்ந்தால் 24 × 45, அதாவது 1080. ஜெயிப்பது முன்பக்கம். ஒரு குழந்தை இருபது நிமிடம் ஐந்து செ.மீ. கூட அசையாமல் இருக்கும் என்பதுதான் என் கணக்கின் அடிப்படை. பரீட்சைத் தாளில் ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

பாதுகாப்புக்கு எதுவுமே வைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. எஞ்சினுக்கு அடியில் இரண்டு செங்கலை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்திருந்தேன். அவை எஞ்சினைத் தொடவில்லை. நான்கு விரல் இடைவெளி இருந்தது. "கிடக்கட்டும், ஒரு தைரியத்துக்கு" என்று விட்டுவிட்டேன்.

ஆக்சில் நட்டைக் கழற்றி, பிரேக் கேபிளையும் ஸ்பீடாமீட்டர் கேபிளையும் எடுத்துவிட்டு, ஆக்சிலை உருவினேன். சக்கரம் கையோடு வந்தது. பிறகு அது 8 கிலோ என்று எடை போட்டுத் தெரிந்துகொண்டேன். முன்னால் 8 கிலோ குறைந்ததும் வண்டி பின்பக்கமாக இன்னும் நன்றாக அழுந்தி நின்றது. எனக்கு இன்னும் தைரியம் வந்துவிட்டது. சக்கரத்தைப் படுக்கவைத்து, ஃபோர்க்குக்கு நேர் கீழேயே குனிந்து உட்கார்ந்து, பிரேக் பிளேட்டை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன்.

தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்தது.

அவ்வளவுதான். எட்டு வயதுப் பையன். "அப்புச்சி, காசு" என்று சொல்லிக்கொண்டே வலது பக்கமாகக் குதித்தான். வண்டி முன்னால் தலை குப்புற வந்தது. இரண்டு ஃபோர்க் முனைகளில் ஒன்று தரையில் இருந்த சக்கரத்தின் ரிம்மில் இறங்கியது. ரிம்மின் மேல் என் விரல் இருந்தது. அடுத்த நொடி வண்டி ஸ்டாண்டிலிருந்து நழுவி இடது பக்கமாகச் சாய்ந்து, துளசி மாடத்து விளிம்பை உடைத்துக்கொண்டு விழுந்தது. செங்கல் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் கிடந்தன.

நகம் போனது. நுனி எலும்பில் விரிசல். நான்கு தையல். அது ஆறிவிடும், ஆறிக்கொண்டும் இருக்கிறது.

வண்டி சாய்ந்தது இடது பக்கம். பையன் குதித்தது வலது பக்கம். ஐஸ் வண்டி தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்தால் அவன் எந்தப் பக்கம் இறங்கியிருப்பான் என்று நினைத்துப் பார்க்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வரும்போதெல்லாம் நினைக்கிறேன். என் மகள் அன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததே போதுமானதாக இருந்தது.

உறவுகளே, இப்போது புரிந்திருக்கும். பாரமாக வைத்த கல் உருண்டால் கல்லின் மேல் கேஸ் போடுவோமா? அவனை அங்கே உட்கார வைத்தது நான். இறங்கக் கூடாது என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தப்பு என்னுடையதே. இனி யாரும் அவன் காதைத் திருக வேண்டாம். திருகுவதென்றால் என் காது இருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் ஒரு பழைய மாணவன் வந்தான். 1994-இல் பத்தாவது படித்தவன். இப்போது சொந்தமாக டூவீலர் பட்டறை வைத்திருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். "பட்டறையில எல்லாம் சரியா பண்றோம்னு நெனச்சுக்குவாங்க சார்" என்று சிரித்தான். கழற்றிய சக்கரமும் விழுந்த வண்டியும் அப்படியே கிடந்தன. அவனும் அவன் பையனும் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள்.

"ஏனுங் சார், எங்களைக் கூப்பிட்டா வர மாட்டோமுங்களா?"

"நீங்களும் பின்னால ஆளை உக்கார வெச்சுத்தானடா பாப்பீங்க? நான் பாத்திருக்கேனே."

"வெப்போமுங்க. இல்லைன்னு சொல்லலை. ஆனா அவன் மாசச் சம்பளக்காரனுங்க, ஐஸ் வண்டிக்கு இறங்க மாட்டான்." கொஞ்சம் நேரம் கழித்து அவனே சொன்னான்: "அதும் தப்புதானுங்க. ஒருக்கா போன் வந்துச்சுன்னு எந்திரிச்சுட்டான்."

பிறகு அவன் வேலையை ஆரம்பித்தான். நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அவன் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்களில் பலர் வீட்டில் நீங்களே வண்டி வேலை பார்க்கிறவர்கள் என்று தெரியும்.

விழுந்ததில் ஸ்டாண்ட் வளைந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தான். சக்கரத்தை ஒப்புக்கு மாட்டி, வண்டியை முன் ஆசாரத்துக்குள் தள்ளிக்கொண்டு போகச் சொன்னான். எனக்குப் புரியவில்லை. மேலே கையைக் காட்டினான். ஊஞ்சல் கொக்கி! மூன்று பேர் உட்கார்ந்து ஆடிய ஊஞ்சல் தொங்கிய கொக்கி அது, என் அப்பா காலத்து உத்தரத்தில் இறுக்கியது. ஊஞ்சலைக் கழற்றிப் பத்து வருடம் ஆகிறது. அந்தக் கொக்கியை நான் ஒரு நாளும் இப்படிப் பார்த்ததில்லை.

ஆனால் கயிற்றைக் கடைசியில்தான் கட்டினான். வண்டி மூன்று காலில் நிற்கும்போதே, அதாவது சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஆக்சில் நட்டைப் பாதி தளர்த்தினான். "தூக்குனதுக்கு அப்புறம் ஸ்பேனர் போட்டு ஒதைச்சீங்கன்னா, அந்த ஒதை எல்லாம் வண்டிக்குப் போகுமுங்க." துருப்பிடித்த நட்டுக்கு உடம்பு பலம் முழுவதும் வேண்டும். அந்தப் பலத்தை அந்தரத்தில் நிற்கும் வண்டியில் காட்டக் கூடாது. நான் செய்தது நேர்மாறாக, பேரன் மேலே இருக்கும்போது.

அடுத்து சென்டர் ஸ்டாண்டின் இரண்டு கால்களையும் ஒரு பெல்ட்டால் சேர்த்து, முன்பக்கமாக இழுத்து ஃபிரேமில் கட்டினான். ஸ்டாண்டிலிருந்து வண்டியை எப்படி இறக்குகிறோம்? முன்னால் தள்ளுகிறோம், ஸ்டாண்ட் பின்பக்கமாக மடங்குகிறது. முன்னால் கட்டிவிட்டால் அது மடங்க வழி இல்லை. இரண்டு நிமிட வேலை. என் வண்டி இடது பக்கம் சாய்ந்து விழுந்ததற்குக் காரணம் இந்தக் கட்டு இல்லாததுதான். முன்னால் குத்தியதோடு நின்றிருக்க வேண்டியது, ஸ்டாண்ட் மடங்கியதால் பக்கவாட்டிலும் போய்விட்டது.

பிறகு ஜாக்கி. காருக்கு வைக்கிற ஸ்க்ரூ ஜாக்கி. அதன் தலையில் ஒரு அகலமான பலகை. எஞ்சினுக்கு அடியில் ஃபிரேம் குழாய் ஓடுகிற வண்டி என்றால் பலகை குழாயின் மேல் படும்படி வைக்க வேண்டும். குழாய் இல்லாத வண்டியில் எஞ்சினின் தட்டையான அடிப்பாகத்தில், பாரம் பரவலாக இறங்கும்படி வைக்க வேண்டும். எஞ்சின் ஆயில் இறக்குகிற போல்ட்டின் மேல் வைக்கக் கூடாது. சைலன்சர் பைப்பின் மேல் வைக்கக் கூடாது. எஞ்சின் கூடு அலுமினியம், ஒரு புள்ளியில் குத்தினால் விரிசல் விடும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் அந்தப் பக்கமே வரக் கூடாது. சுவருக்குள் பரவலாகப் பாரம் தாங்கும் கல், ஒரு மூலையில் அழுத்தம் வந்தால் சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

ஜாக்கியை அவன் எஞ்சினின் முன் ஓரத்தில் வைத்தான். "நடுவுல வெச்சா என்னடா?" என்று கேட்டேன், வாத்தியார் புத்தி. "முன்னால வெச்சாத்தானுங்க நிக்கும்" என்றான். அவனுக்குக் காரணம் கையில் தெரியும், வாயில் வராது. எனக்கு வாயில் வரும். இதோ: வண்டி 110 கிலோ என்று வைத்துக்கொண்டால், என் பழைய 1092-ஐ அதால் வகுக்க 10 செ.மீ. ஆக, ஈர்ப்பு மையம் ஸ்டாண்டின் கால்களுக்குச் சுமார் 10 செ.மீ. முன்னால் இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றிய பிறகும் நாலரை செ.மீ. முன்னால்தான். அதாவது ஸ்டாண்டின் இரண்டு கால்களும் பின் சக்கரமும் சேர்ந்த முக்கோணத்துக்கு வெளியே. ஈர்ப்பு மையத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டால் அது விழும் இடத்துக்கும் முன்னால் ஒரு கால் இருந்தால்தான் பொருள் நிற்கும். ஜாக்கிதான் அந்தக் கால். பின்னால் பாரம் வைத்துச் சமன் செய்வது தராசு வேலை. முன்னால் கால் கொடுப்பது மேசை வேலை. நமக்கு வேண்டியது மேசை. இதை நான் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்தியிருக்கிறேன், படத்தோடு.

ஜாக்கியை மெதுவாக ஏற்றி, சக்கரம் தரையிலிருந்து ஒரு விரல் அளவு எழும்பியதும் நிறுத்திவிட்டான். உயரம் அதற்கு மேல் தேவையில்லை, சக்கரம் கீழே உருள இடம் போதாவிட்டால் மட்டும் இன்னும் கொஞ்சம். பின் சக்கரத்துக்கும் தரைக்கும் இருந்த இடைவெளியில் ஒரு பலகையைச் செருகினான். சக்கரம் போனதும் முன்னால் எடை குறையும், வண்டி பின்னால் ஆட இடம் இருக்கக் கூடாது என்பதற்காக.

கடைசியில் கயிறு. போர்வெல் போட்ட பிறகு சும்மா தொங்கிக்கொண்டிருந்த கிணற்றுக் கயிறு. நைலான், நல்ல பருமன். ஹேண்டில்பாரின் முனைகளில் கட்டவில்லை, ஹேண்டில் திரும்பினால் கயிறு நழுவும். ஃபோர்க் இரண்டையும் பிடித்திருக்கும் கீழ்ப் பிளேட்டுக்கு அடியில் சுற்றி, ஆக்சிலரேட்டர் கேபிளும் கிளச் கேபிளும் நசுங்காமல் பார்த்து, கொக்கியில் போட்டு இறுக்கினான். கோன் செட் மாற்றுகிற வேலை என்றால் அந்தப் பிளேட்டே கழன்று வரும், அப்போது கயிறு ஃபிரேமின் தலைக் குழாயைச் சுற்றித்தான் போக வேண்டும் என்றும் சொன்னான். கயிறு வண்டியைத் தூக்குவதற்கு இல்லை. ஜாக்கி நழுவினால் பிடிப்பதற்கு. ஹேண்டிலை நேராக வைத்து இரண்டு பக்கமும் துணியால் கட்டிவிட்டான்.

எல்லாம் கட்டிய பிறகு வேலையைத் தொடங்கவில்லை. சீட்டில் கை வைத்து இப்படி அப்படி ஆட்டினான். முன்னால் இழுத்தான், பின்னால் தள்ளினான். "இப்ப ஆடட்டுமுங்க. சக்கரம் இருக்கறப்பவே ஆடட்டும்." அசையவில்லை.

மணல் மூட்டையைப் பின்னால் கட்டினால் என்ன என்று கேட்டேன். பேரனுக்குப் பதில் மணல், என் கணக்கை முழுவதும் விட மனசு வரவில்லை. "மேல வெச்ச பாரம் மேல இருந்து விழுமுங் சார்." சரிதான். ஈர்ப்பு மையம் மேலே ஏறும். வாயை மூடிக்கொண்டேன்.

ஷூ மாற்றியது கால் மணி நேர வேலை. டிரம்முக்குள் இருந்த தூசியை வாயால் ஊதப் போனேன், தடுத்தான். பழைய ஷூக்களில் கல்நார் இருக்கலாம், மூச்சில் போகக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். மாட்டும்போது ஒன்றை என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். பிரேக் பிளேட்டில் ஒரு பள்ளம் இருக்கும், ஃபோர்க்கில் அதற்குப் பொருந்துகிற ஒரு மேடு இருக்கும். இரண்டும் சேர்ந்து உட்கார வேண்டும். உட்காராமல் ஆக்சிலைப் போட்டு இறுக்கிவிட்டால், ஓடும்போது பிரேக் பிடித்ததும் பிளேட்டே சுற்றி, சக்கரம் அப்படியே நின்றுவிடும். மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். டிஸ்க் பிரேக் வண்டி வைத்திருப்பவர்கள், சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் லீவரைத் தப்பித் தவறியும் அழுத்தாதீர்கள். பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டு வரும். பேடுகளுக்கு நடுவில் ஒரு அட்டையை மடித்து வைத்துவிடுங்கள். கேலிப்பரை அதன் ஹோஸில் தொங்க விடாமல் ஒரு கம்பியால் கட்டி வைக்க வேண்டும்.

காசு வாங்க மாட்டேன் என்று அடம் பிடித்தான். என் மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, போகும்போது, "சார், பத்தாவதுல இந்தத் திருப்புத்திறன் கணக்குக்குத்தானுங்க நீங்க எனக்கு ஸ்கேல்ல போட்டீங்க" என்றான். எனக்கு நினைவில்லை. இருந்திருக்கும். அந்தக் காலத்தில் நிறையப் போட்டிருக்கிறேன். அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான், ஆனால் முப்பது வருடம் கழித்தும் எந்தக் கணக்கு என்று நினைவு வைத்திருக்கிறான். மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க சார்" என்று வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டான்.

பேரன் விஷயத்துக்கு வருகிறேன். அன்றிலிருந்து அவன் ஸ்பிளெண்டர் பக்கம் வருவதில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிட நான் சாவியை எடுத்தால், "அம்மா கூடப் போறேன்" என்கிறான். போன வாரம் திண்ணையில் உட்கார்ந்து என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் இறங்குனதாலதானே அப்புச்சி?" என்றான்.

எட்டு வயதுப் பையனிடம் ஈர்ப்பு மையம் பேச முடியாது என்று நினைத்தேன். பிறகு பேசினேன். அம்மாயியின் துவரம்பருப்பு டப்பாவை மேசை ஓரத்தில் பாதி வெளியே நீட்டி வைத்து, அவனை உள்பக்கம் ஒரு விரலால் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தான். விரலை எடுக்கச் சொன்னேன். "விழுந்துருமே" என்றான். "விழுந்தா யார் தப்பு? விரலை எடுத்தவனா, டப்பாவை அங்க வெச்சவனா?" ரொம்ப நேரம் யோசித்தான். "வெச்சவரு" என்றான். மரியாதை விகுதி போட்டதைக் கவனித்தேன். பிறகு விரலை எடுத்தும் பார்த்துவிட்டான். டப்பா விழுந்து ஆசாரம் முழுக்கப் பருப்பு. அவன் அம்மாயியிடம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே திட்டு வாங்கினோம்.

காலாண்டு லீவுக்கு வருகிறான். பின் பிரேக் ஷூ பாக்கி இருக்கிறது. அதற்கு ஜாக்கியும் கொக்கியும் தேவையில்லை என்றாலும் ஸ்டாண்டை முன்னால் கட்டாமல் தொடப் போவதில்லை. பையனுக்கு வேலை, ஆசாரத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே நான் கேட்கிற ஸ்பேனரின் நம்பரைப் படித்து எடுத்து வைப்பது. ஐஸ் வண்டி வந்தால் அவன் பாட்டுக்கு ஓடலாம். காசு அவன் சட்டைப் பையிலேயே இருக்கும்.

துளசி மாடத்தின் உடைந்த விளிம்பைக் கொத்தனார் வந்து பூசிவிட்டார். முன் பிரேக் இப்போது நன்றாகப் பிடிக்கிறது.